எண்ணெய்க்காரர் வீட்டுத் தலைக்கட்டு

இந்த வருசம் எங்கள் தெரு முப்பிடாதி அம்மன் கோயிலில் ஒரு வடக்கத்திக் குடும்பத்தைத் தலைக்கட்டாகச் சேர்த்துக்கொண்டோம். புருசன் செங்கோட்டை ரோட்டில் மரம் அறுக்கிற மில்லில் வேலை பார்க்கிறான். பெண்டாட்டி குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் அறை துடைக்கிறாள். பிள்ளை இங்கேயே பிறந்து இங்கேயே பள்ளிக்கூடம் போய், எங்களைவிடச் சுத்தமாக ‘ஏலே’ போடுகிறது. கூட்டத்தில் பெரிய எதிர்ப்பு ஒன்றும் இல்லை. எதிர்ப்பதற்குத் தெருவில் ஆள் இருந்தால்தானே? பாதி வீடுகளில் பூட்டுத் தொங்குகிறது. மீதியில் என்னைப்போல் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

கொடைக்குக் கம்பு ஊன்றுகிற கால்நாட்டு அன்றைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வந்து நின்று பால் ஊற்ற வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்கள். புருசன் மர லோடோடு கேரளாவுக்குப் போயிருந்தான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் நிக்கலாமா அண்ணாச்சி? தலையில என்ன கட்டணும்?" என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. தலைக்கட்டு என்றால் தலையில் கட்டுகிற சமாச்சாரம் இல்லை, கோயிலுக்கு வரி கொடுக்கிற ஒரு குடும்பத்துக்கு அப்படிப் பெயர் என்று ஆளாளுக்கு விளக்கினார்கள். கடைசியில் அவளே முக்காடு போட்டுக்கொண்டு நின்று பால் ஊற்றினாள். எல்லோரும் சிரித்தபோது என்னால் சிரிக்க முடியவில்லை. அதே தப்பை அதே இடத்தில் நான் ஒரு தடவை செய்திருக்கிறேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டுக்குத் தெருவில் எண்ணெய்க்காரர் வீடு என்று பெயர். நாங்கள் எண்ணெய் விற்றவர்கள் இல்லை. அப்பா குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவார். மதுரையிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் வருகிற பெரிய பெரிய மனிதர்கள் அவர் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டுச் சிமெண்டுத் திண்டில் குப்புறப் படுப்பார்கள். அவர்கள் முதுகில் அப்பா இரண்டு கையாலும் தாளம் போடுவார். படுத்திருப்பவர் ஆபீசில் எல்லோரையும் அதட்டுகிற ஆளாக இருப்பார். அப்பா கையில் "ஆ, அம்மா" என்று முனகுவார். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். என் அப்பா ஊரையே அடிக்கிறவர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன்.

அப்பாவிடம் ஒரு துண்டு இருந்தது. வெள்ளையில் பச்சைக் கரை போட்டது. வெள்ளை எப்போதோ போய், எண்ணெய் ஏறி ஏறிப் பழுப்பாகியிருந்தது. தொழில் நேரத்தில் தோளில் கிடக்கும், வீட்டுக்கு வரும்போது தலையில் இருக்கும். அப்பா வருகிறார் என்பதை முதலில் சொல்வது அதன் வாசம்தான்.

ஒரு வருசம் சாரல் பொய்த்துவிட்டது. ஆனி போய் ஆடியும் பாதி போய்விட்டது. மெயின் அருவியில் பாறைதான் தெரிந்தது, ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் கசிந்தது. தண்ணீர் இல்லாத அருவிக்கு யார் வருவார்கள்? கடைக்காரர்கள் நேந்திரங்காய் சிப்ஸைத் தாங்களே தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா எண்ணெய்க் குப்பிகளைக் கொண்டுபோன மாதிரியே திருப்பிக் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் இருந்து ஏற்கெனவே நிறையப் பேர் பம்பாய்க்கும் திருப்பூருக்கும் போயிருந்தார்கள். அந்த வருசம் அப்பாவும் பம்பாய்க்குப் போனார், ஏதோ ஒரு ஓட்டலில் வேலை என்று.

போகும்போது துண்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். அங்கே இது எதற்கு என்று சொல்லிவிட்டு, என் தலையில் கைவைத்து, "அடுத்த சாரலுக்கு வந்துருவம்லே" என்றார். அதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். சாரல் விழுந்தால் அப்பா வருவார். அதில் சந்தேகப்பட எனக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த வருசம் சாரல் வெளுத்து வாங்கியது. அப்பா வரவில்லை. முதலில் மளிகைக்கடை போனுக்கு எப்போதாவது கூப்பிடுவார், அம்மா கடைக்கு ஓடுவாள். பிறகு அதுவும் நின்றது. அம்மா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் போர்வையும் துண்டும் துவைக்கிற வேலைக்குப் போனாள். ஊரான் ஊரான் துண்டையெல்லாம் துவைத்துத் துவைத்து அவள் விரல் நுனி வெளிறிக் கிடக்கும். ஆனால் கொடியில் கிடந்த அப்பாவின் துண்டை மட்டும் அவள் துவைத்ததே இல்லை. எடுத்து உதறுவாள், திரும்பப் போடுவாள். அவ்வளவுதான்.

மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் அண்ணன், கடையத்துக்காரர், லாரி டிரைவர். அவர் பேச்சில் பாதி பொய், மீதி கேலி. கேரளாவில் யானையை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்ததாகவும், புளியரை செக்போஸ்ட்டில் அதை மாடு என்று சொல்லித் தப்பியதாகவும் என்னை நம்பவைத்தவர். "மாட்டுக்குத் தும்பிக்க உண்டா மாமா?" என்று கேட்டால், "அது வாலுன்னு சொல்லிட்டம்லே, அவம் பின்னால போயிப் பாக்கவா போறான்" என்பார். அவர் வந்தால் எங்கள் வீட்டில் அம்மாவும் சிரிப்பாள்.

அந்த மாமா ஒரு நாள் பம்பாய் லோடு கிடைத்தது என்று போய், அப்பாவைத் தேடிவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கே வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அம்மா குளித்துப் பூ வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "மச்சான் அங்கன இல்லட்டி. சூரத்துப் பக்கம் ஏதோ கம்பெனியாம். நல்ல வேலையாம். லீவு கெடைக்கலியாம்" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டு, அப்பா கொடுத்துவிட்டார் என்று ஒரு சட்டையைக் கொடுத்தார். கட்டம் போட்ட சட்டை. போட்டுப் பார்த்தேன், எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. என்னைப் பார்த்தே இவ்வளவு காலம் ஆகியும், நான் எவ்வளவு வளர்ந்திருப்பேன் என்று அப்பாவுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம். அம்மா சட்டையைக் கழற்றி வாங்கிக் காலருக்கு உள்ளே திருப்பிப் பார்த்தாள். கடையின் பெயர்த்துணி இருக்க வேண்டிய இடத்தில் நூல் பிரித்த தடம் மட்டும் இருந்தது. மடித்து வைத்தாள். மாமா அன்றைக்கு யானைக் கதை எதுவும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வருசம்தான் கொடையைத் திரும்ப நடத்துவது என்று தெருவில் பேச்சு வந்தது. ஆள் இல்லை என்று வருசக்கணக்காக நின்றுபோன கொடை. பம்பாயில் இருக்கிறவர்களும் திருப்பூரில் இருக்கிறவர்களும் சேர்ந்து, அம்மனை இப்படிப் போட்டுவிட்டு வந்ததால்தான் யாருக்கும் விருத்தி இல்லை என்று முடிவு செய்து, ஆடியில் எல்லோரும் ஊருக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். தெருவே புதுசாகிவிட்டது. பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறந்து வெள்ளையடித்தார்கள். கோயிலில் கூட்டம் போட்டுத் தலைக்கட்டு எழுதினார்கள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. புருசன் இருக்கிற வீடு ஒரு தலைக்கட்டு. புருசன் செத்துப்போன வீடு அரைத் தலைக்கட்டு. அரை வரி, அரைப் பங்கு பிரசாதம். பாவம், தனிப் பொம்பளை எங்கே போவாள் என்கிற இரக்கத்தில் யாரோ போட்ட சட்டம். மகன் தலையெடுத்து நின்றால் மறுபடியும் முழுசு.

எங்கள் வீட்டு முறை வந்தபோது நாட்டாமை நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். "எண்ணெய்க்காரர் வீட்டுக்கு அரையாப் போட்டுக்கிடுவோம். அது ஒத்தையில கெடந்து கஷ்டப்படுது."

பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "எதுக்கு அண்ணாச்சி அரை? எங்க வீட்டு ஆளு வெளியூர்ல வேலைக்கிப் போயிருக்காரு. முழுசாப் போடுங்க."

"ஒனக்கு நல்லதுக்குத்தாம்மா சொல்லுதேன்."

"நல்லது செய்யணும்னா முழுசாப் போடுங்க."

நாட்டாமை எழுதுகிறவரை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். "சரி. ஆனா கால்நாட்டுக்கு வீட்டு ஆம்பள ஒருத்தன் வந்து நிக்கணும். அது ஊர் வழக்கம். நின்னா முழுசு, இல்லன்னா அரை" என்று முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மா அழுதாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வரி குறைந்தால் நல்லதுதானே? அரைப் பங்கு பிரசாதம் என்பதுதான் அவளுக்குக் குறை என்று நினைத்தேன். எனக்குமே அது குறைதான். அடுத்த வீட்டுக்காரன் முழுப் பங்கு சர்க்கரைப் பொங்கல் வாங்கிப் போகும்போது நான் பாதியை வாங்கிக்கொண்டு எப்படிப் போவது? அம்மா பம்பாய் ஓட்டலுக்குப் போன் போட்டுப் பார்த்தாள், அந்த ஆள் இப்போது இங்கே இல்லை என்றார்கள். அப்புறம் கடையத்துக்குப் போன் போட்டு, மாமாவைக் கால்நாட்டுக்கு வரச் சொன்னாள். மாமா நின்றால் செல்லாது, அவர் வேறு ஊர், வேறு கோயில். ஆனாலும் நாட்டாமையிடம் பேசிப் பார்க்கலாம் என்று நினைத்திருப்பாள்.

வழி எனக்குத்தான் கிடைத்தது. பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவன், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன். அந்த வருசம் கோடையில் அவனுடைய அப்பா காய்ச்சலில் செத்துப்போனார். பதினாறாம் நாள் அவனை மனையில் உட்காரவைத்து, அவன் தாய்மாமா ஒரு புதுத் துண்டை அவன் தலையில் சுற்றிக் கட்டினார். உருமா கட்டுவது என்பார்கள். கட்டியதும் பெரியவர்கள் அவனுக்குத் திருநீறு பூசி, "இனிமே இவந்தாம்ப்பா தலைக்கட்டு" என்றார்கள். வடை தின்றுகொண்டே நான் அதைப் பார்த்தேன். கூட்டத்தில் அவன் வீட்டுக்கு முழுசாகத்தான் எழுதினார்கள். அவனும் பெரிய மனுசன் மாதிரி ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தான். சாவு ஒரு பக்கம், வடை ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கமாக அவை என் மனதில் தனித்தனியாகக் கிடந்தன. தலையில் கட்டினால் தலைக்கட்டு. பெயரிலேயே இருக்கிறது. இது ஏன் அம்மாவுக்குத் தோன்றவில்லை என்றுதான் எனக்குக் குழப்பம்.

கால்நாட்டு அன்று காலையில் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கோயில் முன்னால் குழி தோண்டி, மாவிலை கட்டிய கம்பை நிறுத்தியிருந்தார்கள். பம்பாய்க்காரர்கள் பளபளவென்று சட்டை போட்டு, நனைந்துவிடுமோ என்று ஒதுங்கி ஒதுங்கி நின்றார்கள். மாமா வந்திருந்தார். நாட்டாமையிடம் ஏதோ பேசிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு ஆண்கள் கூட்டத்தின் கடைசியில் போய் நின்றார். அம்மா பெண்கள் பக்கம் நின்றாள்.

வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராகப் போய்ச் செம்பில் இருந்து குழியில் பால் ஊற்றினார்கள். மேளம் கொட்டிக்கொண்டிருந்தது. நான் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, கோயிலுக்குப் பின்னால் நின்று துண்டைத் தலையில் சுற்றினேன். பெரியவர் துண்டு, சின்னத் தலை. எப்படிச் சுற்றினாலும் கண்ணுக்கு மேல் வந்து விழுந்தது. அப்பாவின் வாசம் முகமெல்லாம் அடித்தது. அந்த வாசத்தில் எனக்கு யானை பலம் வந்துவிட்டது.

"எண்ணெய்க்காரர் வீடு" என்று குரல் கேட்டது. நான் போய்க் கம்பின் முன்னால் நின்றேன்.

மேளக்காரர் என்னைப் பார்த்ததும் கையை நிறுத்திவிட்டார். பெண்கள் பக்கம் யாரோ "அட பாவி மக்கா" என்று மெதுவாகச் சொன்னார்கள். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

நாட்டாமையின் முகம் கறுத்துவிட்டது. "ஏலே, யாருலே ஒனக்குக் கட்டிவிட்டா?"

"நானேதான் கட்டுனேன். நாந்தான் எங்க வீட்டுத் தலக்கட்டு. முழுசாப் போடுங்க."

"தகப்பன் உசுரோட இருக்கையில பிள்ள உருமா கட்டலாமாலே? கழத்து மொதல்ல" என்றார் இன்னொருவர். ஒருவர் என் தலைக்குக் கையை நீட்டினார். நான் இரண்டு கையாலும் துண்டைப் பிடித்துக்கொண்டேன். அப்போது நாட்டாமை மாமாவைப் பார்த்துத் திரும்பினார். "ஏ வே, தாய்மாமன் நீரு நிக்கீரு. நீரே சொல்லிக் கழத்தச் சொல்லும்."

மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எனக்கு முன்னால் ஈரத்தில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். கழற்றப்போகிறார் என்று துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். கழற்றத்தான் செய்தார். செக்போஸ்ட்டில் அத்தனை பொய் சொன்னவருக்கு அம்மன் முன்னால் ஒரு பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வரவில்லை. துண்டை இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை உதறி, நீளமாக மடித்து, என் தலையில் நன்றாக இறுக்கிச் சுற்றிக் கட்டினார். முனையை எடுத்துச் செருகினார். அவர் பார்வை என்மேல் இல்லை. என் தலைக்கு மேலாக, பெண்கள் நின்ற பக்கம் இருந்தது.

துட்டி, அதாவது சாவு என்று ஒரு வார்த்தை விழுந்திருந்தால் போதும், கொடை அங்கேயே நின்றிருக்கும். அத்தனை தொலைவிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேரும் பெட்டியைக் கட்டியிருக்க வேண்டும். நாட்டாமை மாமாவையும் அம்மா நின்ற பக்கத்தையும் பார்த்தார். மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"யாரும் எதுவும் சொல்லலல்லா? அப்போ நாங்களும் எதுவும் கேக்கல. பிள்ள பால் ஊத்தட்டும். மேளத்த அடிங்கப்பா" என்றார்.

நான் பால் ஊற்றினேன். எழுதுகிறவரிடம் நாட்டாமை, "எண்ணெய்க்காரர் வீடு, முழுசு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அம்மா எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். அவளைச் சுற்றிப் பெண்கள் நெருக்கமாக நின்றுகொண்டிருந்தார்கள், அவள் தெரியவில்லை. தூறல் பலத்துவிட்டது, ஒண்டி நிற்கிறார்கள் என்று நினைத்தேன்.

அதன்பிறகு கொடை முடிகிறவரை தெருவில் ஒருவர்கூட எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா பொட்டு வைத்து, பூ வைத்து, பொங்கல் வைத்தாள். பானை இறக்குவதற்கு அவளுக்கு எப்போதும் இரண்டு பேர் கை கொடுத்தார்கள். பம்பாய்க்காரர்கள் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு மிட்டாய் வாங்கித் தந்தார்கள். பந்தல் பிரித்த பிறகுதான் எங்கள் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது. அப்பா பம்பாயில் ஓட்டலை விட்டுக் கட்டட வேலைக்குப் போன இடத்தில் மேலே இருந்து விழுந்து செத்ததையும், கூட இருந்தவர்களே எரித்துவிட்டதையும் மாமா அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார். அவர் எத்தனை காலம் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு லாரி ஓட்டினாரோ. அம்மாவுக்கு எப்போது தெரியும், மாமாவின் கை என் தலையில் பட்டபோதா, அந்தச் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தபோதா என்று நான் கேட்டதில்லை. இனிக் கேட்கவும் அவள் இல்லை. அவள் கேட்ட முழுசு கிடைத்தது. எதற்காகக் கேட்டாளோ அது போய்விட்டது.

ஆனால் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது கால்நாட்டு அன்றைக்கு மத்தியானம்தான். வீட்டுக்கு வந்ததும் அம்மா என் தலையில் இருந்து துண்டை அவிழ்த்தாள். பின்பக்கம் போய், துவைக்கிற கல்லில் போட்டு, சோப்பை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். மாமா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார்.

"எம்மா, தொவைக்காத. வாசம் போயிரும்."

"போவட்டும்லே" என்றாள். அடித்தாள், அலசினாள், மறுபடி சோப்புப் போட்டாள். லாட்ஜ் துண்டுக்குக்கூட அவள் அவ்வளவு சோப்புப் போட்டிருக்க மாட்டாள். எனக்குக் கோபமாக வந்தது. இருந்தாலும் அன்றைக்கு நான் தலைக்கட்டு, அழக்கூடாது.

"நாம முழுசுதானம்மா?" என்று கேட்டேன்.

"முழுசுதாம்லே" என்றாள், நிமிராமல்.

துண்டைக் கொடியில் போட்டாள். பழுப்பு போய், பச்சைக் கரை தெரிந்தது. சாரலில் அது காயவே இல்லை. நான் அடிக்கடி போய் அதை மூக்கில் வைத்துப் பார்த்தேன். சோப்பு வாசம்தான் வந்தது. அதற்கென்ன, அப்பா வந்து தோளில் போட்டால் மறுபடியும் எண்ணெய் ஏறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விளையாடப் போனேன்.